கறை எந்தப் பக்கம் ஓடுகிறது

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. திருச்சி விமான நிலையத்தில், ஒரு டக்கோட்டா விமானத்துக்கு முன்னால், வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்கிறார். 1950களின் நடுவில் எடுத்தது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஊருக்கு வருவதும் போவதும் போட் மெயிலில்தான். திருச்சி ஜங்ஷனில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயில். விமானத்தில் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு பயணத்துக்குத்தான். அதனால் அந்தப் படத்துக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு.

போன வருஷம் அப்பா அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் புதுப்பித்து வாங்கி வந்தார். கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்திருந்தார்கள். மடிப்புக் கோடுகள் போயிருந்தன. விமானத்தின் எஞ்சினுக்குப் பின்னால் இருந்த கருப்புத் தீற்றலும் போயிருந்தது. அது பூஞ்சை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது விமானம் எவர்சில்வர் பாத்திரம் மாதிரிப் பளபளத்தது.

"பாருடா, புது ப்ளேன். அப்பா புது ப்ளேன்ல போயிருக்கார்" என்றார் அப்பா.

நான் பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறவன். பதினைந்து வருஷப் பழக்கம். படத்தைப் பார்த்ததும் எங்கேயோ இடித்தது. பழைய மூலப்படம் ஒரு பழுப்பு உறையில் திரும்பி வந்திருந்தது. அதை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

*

மாடல் செய்பவர்கள் மத்தியில் ஒரு பழைய சண்டை உண்டு. பயணிகள் விமானத்தை அழுக்காக்க வேண்டுமா, வேண்டாமா?

ஒரு கட்சி வேண்டாம் என்கிறது. அவர்கள் மனதில் இருப்பது அந்தக் காலத்து டிராவல் ஏஜென்சி மேஜை மேல் நின்ற மாடல். வெள்ளை, பளபளப்பு, வால் மேல் சின்னம். அது டிக்கெட் விற்பதற்காகச் செய்த பொருள். அதில் அழுக்கு இருக்கக் கூடாது.

இன்னொரு கட்சி போர் விமானம், டாங்கி செய்து பழகியவர்கள். தகடுகள் சேரும் கோடுகளில் எல்லாம் கருப்பு மையை ஓடவிடுவார்கள். ஓரங்களில் பெயிண்ட் உரிந்த மாதிரி வெள்ளிப் புள்ளி வைப்பார்கள். நானும் முதலில் இந்தக் கட்சிதான். கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு விட்டேன். நிஜ விமானத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் விமான மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 1/144. அந்த அளவில் அது 0.014 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதைப் பேனாக் கோடு மாதிரிக் காட்டினால், நிஜத்தில் அந்த இடைவெளியில் கை நுழையும்.

நிஜம் இரண்டு கட்சிக்கும் நடுவில் இருக்கிறது. பயணிகள் விமானத்தை அடிக்கடி கழுவுகிறார்கள். அழகுக்காக மட்டும் இல்லை. அழுக்கு சேர்ந்தால் காற்றின் இழுவை கூடும், எரிபொருள் செலவாகும். கசிவும் விரிசலும் அழுக்குக்குக் கீழே மறைந்துபோகும். அதனால் ஜன்னல் வரிசையும் நிறுவனத்தின் பெயரும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வயிறு அப்படி இல்லை. சக்கரக் கூட்டுக்குப் பின்னால் கிரீசும் ரப்பர் தூளும் படியும். போயிங் 737இல் பிரதான சக்கரங்களை முழுசாக மூடும் கதவு கிடையாது, பறக்கும்போதும் டயர் வெளியே தெரியும். அதனால் அதன் வயிறு இன்னும் மோசம். ஹைட்ராலிக் எண்ணெய் ஊதா நிறம். அது கசிந்த இடத்தில் புழுதி ஒட்டிப் பழுப்பாகி, பின்பக்கமாக நீளும். இறக்கையின் முன்விளிம்பில் மழைத்துளியும் பூச்சியும் மணலும் மோதி மோதி அந்த இடம் மட்டும் மங்கிப்போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கறைகள் எல்லாமே ஓரிடத்தில் தொடங்கி ஒரு திசையில் ஓடுகின்றன. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த மாடல் புத்தகமும் இல்லை. எங்கள் ஊர்க் கோபுரம்.

*

ஸ்ரீரங்கத்தில் கிழக்குப் பக்கம் வெள்ளைக் கோபுரம் இருக்கிறது. மற்ற கோபுரங்கள் வண்ணம் பூசி நிற்க, இது மட்டும் வெள்ளை. வெள்ளையம்மாள் என்ற தேவதாசி, கோயிலைக் காப்பாற்றப் படைத்தலைவன் ஒருவனை மேலே அழைத்துப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்து உயிர்விட்ட இடம் என்று சொல்வார்கள். அவள் நினைவாகத்தான் வெள்ளை என்பது ஊர் வழக்கு.

வெள்ளை என்பதால் அதில் எல்லாம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் விளிம்புக்குக் கீழேயும் கருப்புக் கோடு இறங்கியிருக்கும். சிலையின் முழங்கைக்குக் கீழே ஒன்று, மாடத்தின் மூலையில் ஒன்று. மழைநீர் எங்கே தேங்கி எங்கே வழிகிறதோ அங்கே பாசி பிடித்துக் கருத்துவிடும். எல்லாக் கோடும் நேர் கீழே. தெற்கே 1987இல் கும்பாபிஷேகம் ஆன 72 மீட்டர் ராஜகோபுரத்திலும் இதே கதைதான். புது வர்ணம் பூசிய வருஷம் மட்டும் கறை தெரியாது.

கோபுரம் நிற்கிறது, அதன் மேல் தண்ணீர் நகர்கிறது. அதனால் கறை செங்குத்து. விமானமோ தானே நகர்கிறது. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டரில் போகும் பொருளின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தால் அது கீழே இறங்காது, பின்னால் இழுபடும். தரையில் நிற்கும்போது கசிந்தால் கோபுரத்தில் மாதிரிக் கீழே வழியும். ஆக ஒரு விமானத்தின் மேல் இரண்டு வகைக் கோடுகள் இருக்கலாம். படுக்கைக் கோடு பறந்ததற்குச் சாட்சி. செங்குத்துக் கோடு நின்றதற்குச் சாட்சி.

(கோயில் கருவறைக்கு மேலே இருப்பதும் விமானம், ஆகாயத்தில் பறப்பதும் விமானம் என்று தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இரண்டையும் கறையை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நண்பர்களிடம் சொல்வேன். யாரும் சிரித்ததில்லை.)

*

இந்தக் கண்ணோடு பார்த்தால் திருச்சி விமான நிலையத்தின் வரலாறே வேறு மாதிரித் தெரிகிறது. 1930களின் பிற்பகுதியில் கராச்சியில் கிளம்பி பம்பாய், சென்னை வழியாகக் கொழும்பு போன டாடா விமானங்கள் திருச்சியில் இறங்கிப் போயின. மரமும் துணியும் சேர்த்துக் கட்டிய சிறு விமானங்கள் ஓடிய காலம். துணி வெயிலில் தளரும், கிழியும், ஒட்டுப்போடுவார்கள். அவற்றின் வயதைச் சட்டையின் வயதைச் சொல்கிற மாதிரி ஒட்டை எண்ணிச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை இந்த நிலையத்தைப் பயன்படுத்தியது.

போர் முடிந்ததும் டக்கோட்டாக்கள் வந்தன. பத்தாயிரத்துக்கும் மேல் செய்த விமானம் அது. பெரும்பங்கு போருக்காகச் செய்ததுதான். சண்டை ஓய்ந்ததும் உலகம் முழுக்க மலிவாகக் கிடைத்தது. புதிதாகப் பிறந்த விமான நிறுவனங்கள் அதை வாங்கி, உள்ளே நாற்காலி போட்டு, வெளியே பெயர் எழுதி ஓட்டின. ஏர் சிலோன் அப்படித் தொடங்கியதுதான். 1947 டிசம்பர் 10 அன்று அதன் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பிறகு திருச்சியும் அதன் வழித்தடத்தில் சேர்ந்தது.

டக்கோட்டாவின் எஞ்சினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக இருக்கும். இந்த வகை எஞ்சினைப் பற்றி மெக்கானிக்குகள் சொல்லும் ஜோக் ஒன்று உண்டு: எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒழுகிய எண்ணெய் எஞ்சின் கூட்டின் மேல் பின்னோக்கி ஓடும். ஈயம் கலந்த பெட்ரோல் என்பதால் புகைக்குழாய்க்குப் பின்னால் வெளிர்சாம்பல் நிறத்தில் இன்னொரு படிவு இருக்கும். அன்றைக்கு இந்த விமானங்களின் அலுமினியம் பெரும்பாலும் வெறும் உலோகமாகவே இருந்தது. வெயில் தாங்கக் கூரைக்கு மட்டும் வெள்ளை பூசும் வழக்கமும் பரவிக்கொண்டிருந்தது. வெறும் உலோகத்தில் எண்ணெயை மறைக்க முடியாது.

அடுத்து வந்தது இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ காலம். கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுச் செய்த விமானம். அதற்கு எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, அதனால் கறையின் நிறமும் மாறியது. சாம்பல் போய்க் கரி வந்தது. பிறகு போயிங் 737-200. இறக்கைக்குக் கீழே சுருட்டு மாதிரி நீண்ட எஞ்சின், பின்னால் நிஜமான சுருட்டுப் புகை. இறங்கியதும் வேகத்தைக் குறைக்க, எஞ்சினின் பின்முனையில் இரண்டு மடல்கள் விரிந்து புகையை முன்பக்கமாகத் திருப்பும். அந்த ஓரிடத்தில் மட்டும் கரி முன்னோக்கிப் படியும். இது தெரியாமல் எல்லாக் கறையையும் பின்னால் இழுத்துவிட்டு, ஒரு மாடலை முழுசாகக் கழுவி மறுபடி பூசியிருக்கிறேன்.

இதெல்லாம் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் வராது. வருவது வேறு. 1949 டிசம்பர் 21 அன்று ஏர் சிலோன் டக்கோட்டா ஒன்று திருச்சியில் தரையிறங்கும்போது நொறுங்கியது. திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம், ஆனாலும் உள்ளே இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி, 130 பயணிகளும் 6 ஊழியர்களுமாகத் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-800 ஒன்று, ஓடுபாதையின் கோடியில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே ஏறியது. கடலுக்கு மேல் போய்விட்ட பிறகு திருப்பி மும்பையில் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. உடைந்த சுவரும் கிழிந்த வயிறும் போட்டோவாக அன்றைக்கு எல்லோர் போனுக்கும் வந்தன.

எனக்கும் வந்தது. என் கண் கிழிசலைவிட அதைச் சுற்றியிருந்த அழுக்கின் மேல்தான் போனது. கிழிசல் ஒரு நொடியில் உண்டானது. அழுக்கு, கல்ஃபுக்கும் ஊருக்குமாகப் போய்வந்த ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் ஆள் துபாயில் இருக்கிறார்கள். அவர்கள் போனதும் வந்ததும் எந்தச் செய்தியிலும் இல்லை. ஒரு விமானத்தின் வயிற்றில் பழுப்பு நிறத்தில் இருக்கிறது.

*

"அழுக்குல என்னடா வரலாறு?" என்று அப்பா கேட்டபோது நான் சொன்னது அலோஹா விமானத்தின் கதை. 1988 ஏப்ரல் 28. ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹொனலூலு போன ஒரு 737-200இன் மேற்கூரை, நடுவானில் சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார். மற்ற 94 பேரோடு விமானிகள் அதை இறக்கிவிட்டார்கள். 19 வருஷப் பழைய விமானம். அது பறந்த மணிநேரம் பெரிய எண் இல்லை. ஏறி இறங்கிய தடவைதான் எண்: 89,680. தீவுக்குத் தீவு அரைமணிப் பயணம். ஒவ்வொரு தடவையும் உள்ளே அழுத்தம் ஏறி இறங்க, உடல் ஊதிச் சுருங்க, உப்புக்காற்று தகடு இணைப்புகளில் நுழைந்து அரிக்க, ஆணித் துளைகளில் நுண்ணிய விரிசல்கள் சேர்ந்துகொண்டே வந்தன.

அன்றைக்கு ஏறும்போதே ஒரு பயணி கதவுக்குப் பக்கத்தில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். விமானம் என்றால் புதுசு, சுத்தம், எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பித்தானே ஏறுகிறோம்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் வயதான விமானங்களைச் சோதிக்கும் முறையே உலகமெங்கும் கடுமையானது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்பா போன ப்ளேன் புதுசா பழசா, அதைச் சொல்லு" என்றார்.

*

தாத்தாவின் படத்துக்கு வருகிறேன்.

பூஞ்சை என்றால் அது படத்துக்குள் இருக்கும் பொருளை மதிக்காது. கிளைகிளையாக, வட்டமாக, விமானத்தைத் தாண்டி வானத்திலும் பரவும். தண்ணீர் பட்ட கறை என்றால் காகிதம் சுவரில் மாட்டியிருந்த வாக்கில் நேர் கீழே இறங்கும். இந்தத் தீற்றல் இரண்டும் செய்யவில்லை. எஞ்சின் கூட்டின் ஓரத்தில் தொடங்கி, மெலிந்துகொண்டே போய், கூடு முடியும் இடத்தில் முடிகிறது. கூட்டுக்கு வெளியே ஒரு புள்ளிகூட இல்லை.

அப்புறம் சாய்வு. டக்கோட்டாவுக்கு வாலில்தான் சின்னச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு டிகிரி சரிந்துதான் நிற்கும். பறக்கும்போது உடல் கிட்டத்தட்டப் படுக்கையாகிவிடும். அதனால் பறக்கும்போது உண்டான கறை, நிறுத்திய பிறகு உடலோடு சேர்ந்து பின்பக்கம் சரிந்து தெரியும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வரிசையும் தீற்றலும் ஒரே சாய்வு. அதே கூட்டின் அடியில் மெல்லிய இன்னொரு கோடு, இது நேர் கீழே. நின்றபோது சொட்டியது.

எண்ணெய்தான். சந்தேகமில்லை. தாத்தா ஏறியது நன்றாக உழைத்துக்கொண்டிருந்த ஒரு விமானம். அன்றைக்கு அந்த வழியில் ஓடிய டக்கோட்டாக்களைப் போல அதுவும் போர்க்காலத்தில் பிறந்ததாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்ல அத்தை வீட்டுக்குப் போனேன். மேலச் சித்திரை வீதியில் இருக்கிறாள். அப்பாவுக்கு அக்கா, எண்பதை நெருங்குகிறாள். தாத்தா கிளம்பிய அன்று விமான நிலையத்துக்குப் போனவர்களில் இன்று மிச்சமிருப்பது அவள் மட்டும். புதுப்பித்த படத்தை முதலில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாருடா?"

"தாத்தா, அத்தை."

"அப்பாவுக்கு ஏதுடா இவ்ளோ முடி?"

நான் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன். அப்போதுதான் தலையைப் பார்த்தேன். புதுப்பித்த படத்தில் அடர்ந்த முடி, ஒரு பக்கமாக வகிடு, மெல்லிய மீசைகூட இருந்தது. மூலப்படத்தை உறையிலிருந்து எடுத்தேன். தலை ஒட்ட வெட்டிய மாதிரி இருந்தது. மீசை இல்லை. அந்தக் காலத்து ஸ்டைல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். கம்ப்யூட்டர் அதை மங்கல் என்று நினைத்து, தானாகவே நிரப்பிவிட்டது.

"மொட்டைடா அது. ஆயா செத்துப்போச்சு. தந்தி போய், போட் மெயில்ல வந்தா நேரமாகும்னு கடன் வாங்கி ப்ளேன்ல வந்தார். அப்படியும் மறுநாள்தான் வந்து சேர முடிஞ்சுது. எடுத்துட்டாங்க. முகத்தைப் பார்க்கல. பதினாறாம் நாள் காரியம் முடிச்சு, மொட்டை போட்டு, மூணாம் நாள் திரும்பிட்டார். லீவு இல்லேன்னு திரும்பவும் ப்ளேன்லயே. அப்ப எடுத்த படம் இது."

"ப்ளேன் புதுசா இருந்துச்சா அத்தை?"

"எனக்கென்ன தெரியும், எட்டு வயசு. ஒரே எண்ணெய் நாத்தம். அது ஞாபகம் இருக்கு. அப்பா சட்டையிலகூட ஒரு சொட்டு பட்டுச்சு. அம்மா தொடைக்கத் தொடைக்கப் போகல."

நான் லென்ஸை எடுத்துச் சட்டையைப் பார்த்தேன். வெள்ளையில் வெள்ளை. அந்த அளவுக்கு விவரம் படத்தில் இல்லை.

*

ஒரு மாதமாக அந்த டக்கோட்டாவைச் செய்துகொண்டிருக்கிறேன். 1/72 அளவு. அந்த அளவில் டக்கோட்டா 27 சென்டிமீட்டர். 1/144இல் 737-800உம் அதே 27 சென்டிமீட்டர்தான். என் அலமாரியில் துபாய் போகும் விமானமும் கொழும்பு போன விமானமும் ஒரே நீளத்தில் நிற்கப்போகின்றன.

செய்ய நினைப்பவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். உலோக நிறத்தை ஒரே டப்பாவிலிருந்து பூசாதீர்கள். நாலைந்து தகடுகளை மட்டும் ஒரு சொட்டுச் சாம்பல் கலந்து மங்கலாக்குங்கள். ஓவியர்கள் வாங்கும் ஆயில் பெயிண்டில் அடர்பழுப்பையும் கருப்பையும் கலந்து, கசியும் இடத்தில் குண்டூசி முனையால் ஒரே புள்ளி வையுங்கள். பத்து நிமிஷம் கழித்து, டர்பென்டைனில் நனைத்துத் துடைத்த தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பு. பறந்த கறைக்கு மாடலைப் பறக்கும் வாக்கில் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். நின்ற கறைக்கு வால் சக்கரத்தில் உட்கார வைத்துக் கீழே இழுக்க வேண்டும். புகைக்குழாய்க்குச் சாக்பீஸ் தூள் போதும். போதாது என்று தோன்றும்போது நிறுத்திவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு தீற்றலை இழுத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்னதை எல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். தன் பாட்டியின் சாவுக்காகத்தான் அந்தப் பயணம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

கூடத்தில் இருக்கும் படத்தை மாற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம், பிரேமுக்கே எண்ணூறு ரூபாய் ஆகியிருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், பழுப்பு உறையிலிருந்து மூலப்படத்தை எடுத்து வந்தார். புதிய படத்தின் கண்ணாடி மூலையில், பிரேமின் இடுக்கில், அதைச் செருகி வைத்தார்.

இப்போது கூடத்தில் இரண்டு தாத்தா இருக்கிறார்கள். வருகிறவர்கள் யாராவது பெரிய படத்தைக் காட்டிக் கேட்டால், அப்பா சின்னப் படத்தைக் காட்டிப் பேச ஆரம்பிக்கிறார்.